ஒற்றை நீர்நாயை ஜோடியாகக் காட்டிய கதை

உங்களில் பாதிப் பேரை அலையாத்திக் காட்டுக்குப் போடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். யார் யார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அந்தக் காட்டைத் தேசியப் பூங்காவாக்க வேண்டும் என்று இப்போது பேசிக்கொள்கிறார்களாம். ஆகட்டும், நல்லதுதான். விதை ஊன்றுவது, வாய்க்கால் வெட்டுவது, படகு தள்ளுவது எல்லாம் அங்கே போனதும் சொல்லித் தருவார்கள். அவர்கள் சொல்லித் தராவிட்டால் சேறு சொல்லித் தரும். நான் பேச வந்தது வேறு விஷயம். மேலே இருப்பவர் ஒன்று கேட்கிறார். கூண்டுக்குள் இருக்கிற உயிர் வேறொன்று கேட்கிறது. நடுவில் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு நீங்கள் நிற்கிறீர்கள். அந்த நேரத்தில் என்ன செய்வது என்று எந்தப் பயிற்சியிலும் கற்றுத் தரமாட்டார்கள்.

நான் சேலம் ஜில்லா புதுச்சத்திரத்துக்காரன். எங்கள் ஊரில் தண்ணீர் என்பது கிணற்றின் அடியில் கிடக்கும். அதை நாம்தான் மேலே கொண்டுவர வேண்டும். தானாக நடந்து வீட்டு வாசலுக்கு வருகிற தண்ணீரை நான் பார்த்ததில்லை. வனக்காவலனாகச் சேர்ந்து கடலோரத்துக்குப் போன மறுநாள் காலை, முந்தின நாள் நான் நடந்து வந்த பாதையைக் காணோம். மரங்களெல்லாம் முழங்கால் வரை முழுகி நின்றன. ஏதோ கரை உடைந்துவிட்டது என்று நினைத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரேஞ்சர் வீட்டுக்கு ஓடினேன். வெள்ளம் வந்துவிட்டது என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் பல் துலக்கிக்கொண்டிருந்தார். நிதானமாக வாயைக் கொப்பளித்துவிட்டு, "மத்தியானம் வடிஞ்சிரும். சாயங்காலம் மறுபடி வரும். அப்பவும் வந்து சொல்லு" என்றார்.

அந்த ரேஞ்சரின் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர் பிள்ளைகள் பெரிய உத்தியோகத்தில் இருக்கிறார்கள். சேலம் டவுன் கத்தோலிக்கர். வாரத்தில் ஆறு நாள் இலாகாவுக்காகப் பொய் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் மொத்தமாக மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவார். எனக்கு வேலை என்று ஒன்று தெரிந்ததென்றால் அது அவரிடம் தெரிந்துகொண்டதுதான்.

எங்கள் கடற்கரைக் காட்டை ஆண்டுகொண்டிருந்த வெள்ளைக்காரத் துரைக்குச் சேலத்துக்கு மாற்றலாயிற்று. போன இடத்தில் கடல் இல்லை. அந்த ஏக்கமோ என்னவோ, தை மாதம் சேலத்தில் நடக்கிற பொருட்காட்சியில் அலையாத்திக் காட்டைக் காட்டியே தீருவது என்று முடிவு செய்துவிட்டார். படமாகவோ பொம்மையாகவோ காட்டினால் போதாதாம். மரம், சேறு, நண்டு, மீன், மிருகம் எல்லாம் உயிரோடு வந்து சேர வேண்டும். உத்தரவைப் படித்துவிட்டு ரேஞ்சர் என்னைக் கூப்பிட்டார். துரை காட்டைக் கேட்கிறார், மூட்டை கட்டு என்றார். நான் அந்தப் பக்கத்துக்காரன் என்பதால் கொண்டுபோகிற வேலையும் என் தலையில் விழுந்தது.

சுரபுன்னைக் கன்றுகளை வேரோடும் சேற்றோடும் மரப்பீப்பாய்களில் இறக்கினோம். ஒரு கை மட்டும் பெருத்த சிவப்பு நண்டுகள், சேற்றில் தத்தித் தத்தி ஓடும் உளுவை மீன்கள் எல்லாம் பானைகளில் ஏறின. தில்லை மரத்தை மட்டும் ரேஞ்சர் ஏற்ற விடவில்லை. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். பெரிய மனிதர்கள் எதையும் ஒடித்துப் பார்க்கிறவர்கள் என்பது அவர் அனுபவம். கடைசியாக, ஓடைக்கரையில் வலையில் மாட்டிய நீர்நாய் ஜோடி ஒன்று. ஆணுக்கு மூக்கின் மேல் பழைய தழும்பு ஒன்று இருந்தது. பெண் அதைவிடச் சிறியது, கோபக்காரி.

சரக்கு ரயிலில் காட்டோடு காடாக நானும் வந்தேன். வெயில் ஏற ஏற வண்டிக்குள் சேறு புளித்த வாடை. ஆத்தூர் ஸ்டேஷனில் வண்டி நின்றபோது ஸ்டேஷன் மாஸ்டர் மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு வந்து, உள்ளே என்ன செத்துக் கிடக்கிறது என்று கேட்டார். இதுவரைக்கும் ஒன்றும் சாகவில்லை என்றேன். அவர் வண்டியைச் சீக்கிரம் கிளப்பிவிட்டார்.

சேலத்தில் பொருட்காட்சி மைதானத்தில் சிமெண்டுத் தொட்டி ஒன்று கட்டி வைத்திருந்தார்கள். பாதி தண்ணீர், பாதி சேற்று மேடு. மேட்டுக்குள் நீர்நாய்கள் ஒளிந்துகொள்ள மண்குழாய் பதித்து, இடப்பக்கம் ஒரு வாய், வலப்பக்கம் ஒரு வாய் என்று வளை அமைத்தோம். கடல் தண்ணீருக்கு எங்கே போவது? கிணற்றுத் தண்ணீரில் உப்பு மூட்டைகளைக் கொட்டிக் கலக்கிக்கொண்டிருந்தேன். உப்பு என்று சொன்னாலே போலீஸ் திரும்பிப் பார்த்த காலம் அது. ஒரு கான்ஸ்டபிள் வந்து, லத்தியால் மூட்டையைத் தட்டி, யாரைக் கேட்டு உப்பு வேலை பார்க்கிறாய் என்று மிரட்டினார்.

"காச்சறதுதானுங்க குத்தம். நான் கரைக்கறனுங்க" என்றேன்.

ஏட்டைக் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போனவர் வரவே இல்லை.

பொருட்காட்சிக் காரியதரிசி சுத்த சைவர். மீன் வாடை பக்கத்துப் பட்டுக் கடைக்கு அடிக்கிறது, வியாபாரம் கெடுகிறது என்று முதல் நாளே சண்டைக்கு வந்தார். மீனை நிறுத்திவிட்டுத் தயிர்ச்சோறு வைத்துப் பழக்கச் சொன்னார். அவரே ஒரு தட்டும் கொண்டுவந்தார். ஆண் நீர்நாய் முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மியது. பெண் அந்தத் தட்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. காரியதரிசி அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார். நான் விடியற்காலையில் ஏரிக்குப் போய் மீன் வாங்கி வந்து போட்டேன்.

கூட்டம் நெரிந்தது. கடலையை எறிந்தார்கள், குச்சியை விட்டுக் குத்தினார்கள். எதிரே பாண்டு வாத்தியம் பகல் முழுக்க முழங்கியது. நான் குச்சிகளைப் பிடுங்கிப் பிடுங்கிச் சேர்த்ததில் ஒரு சுமை விறகு தேறியது.

இந்த அமளிக்கு நடுவில் பெண் நீர்நாயின் போக்கு மாறியது. மீனைத் தொடவில்லை. ஆண் பக்கத்தில் வந்தால் சீறியது. பந்தல் ஓரத்தில் தொங்கிய தென்னந்தோரணத்தை எட்டிப் பிடுங்கி வளைக்குள் இழுத்துக்கொண்டு போனது. பிறகு வண்ணக் காகிதங்கள். அதன் பிறகு, தொட்டிக்கு மேலே 'சக்கரவர்த்தி நீடூழி வாழ்க' என்று எழுதித் துரை கட்டச் சொல்லியிருந்த துணி ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்க, அதையும் கவ்வி இழுத்து, கிழித்து, உள்ளே கொண்டுபோய்விட்டது. எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். நான் குனிந்து பெண்ணைப் பார்த்தேன். அடிவயிறு தொங்குகிறது, படுக்கை போடுகிறது. இதற்கு மேல் எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ரேஞ்சர் லீவு போட்டுவிட்டு டவுனில் தன் வீட்டுக்கு வந்திருந்தார். அவரை அழைத்து வந்து காட்டினேன். குனிந்து வெகுநேரம் பார்த்தார். அவர் சிரிக்காமல் இருந்ததை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். முன்பு ஒரு ஜமீனில் கூண்டில் இருந்த நீர்நாய் ஒன்று இப்படிக் கூச்சலுக்கு நடுவில் குட்டி போட்டதாம். மிரண்டுபோய், போட்ட குட்டிகளையெல்லாம் தானே கடித்துப் போட்டதாம்.

துரையோ ஏற்காட்டு பங்களாவில் இருந்தார். கடைசி நாள் சென்னையிலிருந்து பெரிய துரை ஒருவர் வருகிறார், அவருக்கு நீர்நாய் ஜோடி மீன் பிடிப்பதைக் காட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அதற்கு இன்னும் சில நாள்களே இருந்தன. நான் மலைக்குப் போய்த் துரையிடம் விஷயத்தைச் சொல்லி அனுமதி வாங்கி வருவதாகச் சொன்னேன்.

"கேட்டா என்ன சொல்வாரு?" என்றார் ரேஞ்சர்.

"வேண்டாம்பாருங்க."

"வேணாம்னு சொன்னப்புறம் செஞ்சா அது உத்தரவை மீறுறது. கேக்காம செஞ்சா அது நாம எடுத்த முடிவு. உனக்கு எது வேணும்?"

தம்பிகளா, இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே எல்லாவற்றையும் கேட்காமல் செய்யக் கிளம்பிவிடாதீர்கள். கேட்க நேரம் இருந்தால், கேட்டுப் பயன் இருந்தால், கேளுங்கள். அன்று இரண்டும் இல்லை. எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அரசாங்க உத்தியோகம் என்பதற்காகத்தான் பெண்ணே கொடுத்திருந்தார்கள். வேலை போனால் பெண்ணும் போகும். அதையும் ரேஞ்சரிடம் சொன்னேன். அவர் என் தோளைத் தட்டி, யாராவது பிடித்தால் தன் பெயரைச் சொல்லிவிடச் சொன்னார்.

காவிரியில் நீர்நாய்கள் உண்டு. பரமத்தி வேலூரில் ஆற்றங்கரையை ஒட்டி என் அக்காவைக் கட்டிய மச்சானுக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. சேலத்துச் சந்தைக்கு வெற்றிலை ஏற்றி வந்து வெறுமனே திரும்புகிற லாரி ஒன்றைப் பிடித்தேன். ஈரச் சாக்கைப் போர்த்திய கூண்டோடு பின்னால் ஏறிக்கொண்டேன். பட்டப்பகல். வழியில் புதுச்சத்திரத்தில் லாரி நின்றபோது எங்கள் ஊர்க்காரர் ஒருவர் ஏறி, சாக்குக்குள் என்ன என்று கேட்டார். கூண்டுக்குள்ளிருந்து ஒரு சீழ்க்கை வந்தது. மாப்பிள்ளைச் சீர் வரிசை என்று சொல்லிவைத்தேன். அவர் நாமக்கல் வரை தள்ளியே உட்கார்ந்து வந்தார்.

மச்சான் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார். பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. "ஏனுங்க மாப்ள, பிள்ளைத்தாச்சியவா இந்த வெயில்ல தூக்கீட்டு வாரீங்க?" என்று கடிந்துகொண்டார். கொடிக்காலுக்கு அப்பால் நாணல் அடர்ந்த இடம், கரை மண் இளக்கமாக இருந்த இடம் ஒன்றை அவரே காட்டினார். கதவைத் திறந்தேன். அது வெளியே வந்து, மண்ணில் உடம்பைத் தேய்த்து, ஒருமுறை எங்களைப் பார்த்துச் சீறிவிட்டுத் தண்ணீருக்குள் போயிற்று. நன்றி என்று ஒன்றை எதிர்பார்த்து இந்த வேலைக்கு வராதீர்கள்.

இப்போது தொட்டியில் ஒன்றுதான் இருக்கிறது. பெரிய துரைக்குக் காட்ட வேண்டியது இரண்டு.

அன்று காலை ஆணுக்கு மீன் போடவில்லை, பசியோடு வைத்திருந்தேன். ரேஞ்சர் கோட்டு மாட்டி, மெருகேற்றிய பிரம்பு ஒன்றை வைத்துக்கொண்டு தொட்டியின் முன் நின்றார். பெரிய துரை, எங்கள் துரை, அவருடைய துரைசானி மூவரும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். பின்னால் சேலமே நின்றது. நான் தொட்டிக்குப் பின்னால் மீன் கூடையோடு குந்தியிருந்தேன்.

இடப்பக்கம் மீனை வீசினேன். இடது வளையிலிருந்து நீர்நாய் பாய்ந்து வந்து கவ்விக்கொண்டு உள்ளே ஓடியது. "இது புருஷன்" என்று ரேஞ்சர் இங்கிலீஷில் அறிவித்தார். கொஞ்சம் பொறுத்து வலப்பக்கம் வீசினேன். வலது வளையிலிருந்து அதே ஆசாமி வந்தான். "இது மனைவி. கவனியுங்கள், நடையில் ஒரு நளினம்" என்றார் ரேஞ்சர். பெரிய துரை தலையாட்டினார். மறுபடி இடப்பக்கம், மறுபடி வலப்பக்கம். புருஷனுடைய வீரத்தையும் மனைவியுடைய சிக்கனத்தையும் ரேஞ்சர் மாற்றி மாற்றிப் புகழ்ந்தார். ஒருமுறை குறி தவறி மீன் நடுவில் விழுந்துவிட்டது. நீர்நாய் எந்தப் பக்கமாக வருவது என்று தெரியாமல் மேட்டின் மேலேயே ஏறி நின்றது. "இது யார்?" என்று எங்கள் துரை கேட்டார். புருஷன்தான், மனைவி பங்கையும் எடுத்துக்கொள்ள வந்திருக்கிறான் என்றார் ரேஞ்சர், இமைக்காமல்.

அப்போதுதான் துரைசானி வாய் திறந்தாள். அதுவரை தொப்பி நிழலில் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தவள். "இரண்டும் சேர்ந்து வெளியே வருவதே இல்லையா?" என்று கேட்டாள்.

ரேஞ்சர் தொப்பியைக் கழற்றி, குனிந்து பதில் சொன்னார். என்ன சொன்னார் என்பது தொட்டிக்குப் பின்னால் எனக்குக் கேட்கவில்லை, பிறகுதான் தெரிந்தது: மூன்று நாளாக இருவருக்கும் மனஸ்தாபம், பேச்சுவார்த்தை கிடையாது. பெரிய துரை விழுந்து விழுந்து சிரித்தார். தன் வீட்டிலும் அப்படித்தான் என்றாராம். எங்கள் துரையும் சிரித்தார். துரைசானி மட்டும் சிரிக்கவில்லை. ரேஞ்சரைப் பார்த்தாள், வளையைப் பார்த்தாள், எட்டி என்னையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு எழுந்து போனார்கள்.

தப்பித்தோம் என்று தொட்டிச் சுவரில் சாய்ந்தேன். அதற்குள் துரையின் டவாலி சேவகன் திரும்பி வந்தான். பெரிய துரைக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். ஜோடியைச் சென்னை மிருகக்காட்சி சாலைக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு. மறுநாள் காலை ரயில்.

பெண் நீர்நாய் என் கவனக்குறைவால் ஓடிவிட்டது என்று ஒப்புக்கொண்டு ஆணையாவது ஒழுங்காக அனுப்பிவிடலாம் என்றேன். ரேஞ்சர் பிரம்பைச் சுவரில் சாத்தினார். கோட்டைக் கழற்றி மடித்தார்.

"ஒண்ணு ஓடிப்போனா அது ஃபாரஸ்ட் கார்டோட தப்பு. ரெண்டும் ஓடிப்போனா அது மிருகத்தோட குணம். லாரி இருக்கான்னு பாரு" என்றார்.

அன்று மாலை வெயில் இருக்கும்போதே ஆணும் பரமத்தி வேலூர் போய்ச் சேர்ந்தான். கூண்டைத் திறந்தால் வெளியே வர மாட்டேன் என்கிறான். இரண்டு வாரமாக உட்கார்ந்த இடத்தில் மீன் தின்று பழகிவிட்டது. மச்சான் கூண்டைத் தலைகீழாகத் தூக்கிக் கொட்டினார். விழுந்தவன் மீசையைத் துடைத்துக்கொண்டு, நாணல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே அக்கரைக்கு நீந்தினான். பெண்டாட்டி இந்தப் பக்கம் இருக்கிறாள், இவன் அந்தப் பக்கம் போகிறானே என்று மச்சான் வருத்தப்பட்டார். அவன் திரும்பி வந்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இரண்டும் ஓடிப்போய்விட்டன என்று ரேஞ்சர் மறுநாளே ரிப்போர்ட் எழுதி ஆபீஸ் கட்டோடு சேர்த்துவிட்டார். இரண்டு மாதம் கழித்து, சென்னையிலிருந்து ஜோடி எங்கே என்று கேட்டு எழுதியபோதுதான் விசாரணை வந்தது. துரை பங்களாவுக்கு எங்கள் இருவரையும் வரச் சொன்னார்கள். இரண்டு நீர்நாய்களும் எப்படித் தப்பின என்று துரை கேட்டார். கதவு வழியாக என்றார் ரேஞ்சர். துரையின் கழுத்து சிவந்தது. நீண்ட நேரம் கத்தினார். நான் பாதியைப் புரிந்துகொண்டேன், அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது. கடைசியில் ரேஞ்சருக்குக் கண்டனம். எனக்கு, தண்ணீரே இல்லாத இடமாகப் பார்த்து, கெங்கவல்லிப் பக்கம் முள்ளுக்காட்டுக்கு மாற்றல். வேலை போகவில்லை. அதனால் கல்யாணமும் நின்றுபோகவில்லை.

இதை என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். ரேஞ்சரின் வாய் சாமர்த்தியம்கூட இல்லை. பார்த்தது ஒரே நீர்நாய்தான் என்று அன்று ஒருவர் வாய் திறந்திருந்தால், மோசடி என்று எழுதி இருவரையும் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அந்த ஒருவர் வாய் திறக்கவில்லை. உங்களுக்கு அப்படி ஒருவர் வாய்ப்பார் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். வாய்க்காவிட்டாலும் செய்வேன் என்று தோன்றினால் மட்டும் செய்யுங்கள்.

விசாரணை முடிந்து நான் முன்னால் வெளியே வந்தேன். தோட்டத்தில் துரைசானி பூச்செடிகளைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். சலாம் வைத்துவிட்டு ஒதுங்கப் பார்த்தேன். அவள் கத்தரியை நிறுத்தாமல், உடைந்த தமிழில், மெதுவாகக் கேட்டாள்: "குட்டி எத்தனை?"

முந்தின வாரம்தான் மச்சான் சொல்லி அனுப்பியிருந்தார். அந்தச் சந்தோஷம் இன்னும் எனக்குள் அடங்கவில்லை. யோசிக்காமல் நாலு விரலைக் காட்டிவிட்டேன். காட்டிய பிறகுதான் என்ன செய்தேன் என்பது உறைத்தது. கையை மடக்கவும் தெரியாமல், இறக்கவும் தெரியாமல் நின்றேன். அவள் நாலு விரலையும் ஒருமுறை பார்த்தாள். தலையை ஆட்டினாள். கத்தரித்த பூவை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

வாசலில் ரேஞ்சர் சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். துரைசானிக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, நான் வேறு உளறிவிட்டேன் என்றேன். அவர் ஒரு இழுப்பு இழுத்துப் புகையை விட்டார்.

"நாலா?" என்றார். "அப்ப ரிப்போர்ட் தப்பு. ஆறு ஓடிப்போச்சுன்னு எழுதியிருக்கணும்."